அக்காவுக்குக் கடன், தம்பிக்கு பி.எஃப்.

அனுமதித்த கடன் 6 லட்சம் ரூபாய். ஆண்டு 2017. கையெழுத்திட்டவர்கள் இருவர்: மகள் கடன்தாரர், தகப்பனார் இணைக் கடன்தாரர். 2022 ஆகஸ்ட் முதல் 17 தவணை பிசகாமல் வந்திருக்கிறது. 2024 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் வரவில்லை.

வங்கியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு தாள் மேசைக்கு வந்தால் ‘வேலை போயிருக்கும்’ என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. சம்பள உயர்வுகூட வந்திருந்தது. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரு அல்சூர்ப் பக்கம் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்விக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. அப்படித்தான் 2017இல் இந்தக் குடும்பத்தைத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்று நாலு பேரும் சொன்னதால் எழுதுகிறேன்.

வீடு

தகப்பனார் ஆரணிப் பக்கத்துக்காரர். 1992இல் பீன்யாவில் ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் நிரந்தரமானார். ஸ்ரீராமபுரத்தில் இருபதுக்கு முப்பது மனை. தகரக் கூரையாக ஆரம்பித்து, கான்கிரீட் ஆகி, மேலே ஒரு தளமும் ஏறியது. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பார், இருபது மாதச் சீட்டு ஒன்றில் எப்போதும் இருப்பார். மகள் மூத்தவள். மகன் அவளைவிட மூன்று வயது இளையவன்.

மகள் நன்றாகப் படிப்பவள். கர்நாடகத்திலேயே பன்னிரண்டு ஆண்டும் படித்ததால் அரசு ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருந்தது. ஆனால் அவள் தரவரிசைக்கு அதில் கிடைத்தது சிவில் பொறியியல். அவளுக்கு வேண்டியது கணினி அறிவியல். அது தனியார் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான காமெட்-கே வழியாக ஒரு கல்லூரியில் கிடைத்தது. கட்டணம் ஆண்டுக்கு 1,65,000. கல்லூரி பஸ் தனி.

அப்போது தகப்பனாரின் சம்பளம் மாதம் 44,000, ஆண்டுக்கு 5,28,000. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. அந்தக் கோட்டை இவர்கள் 78,000 ரூபாயில் தாண்டியிருந்தார்கள். ஏழைக்கு மானியம் உண்டு, பணக்காரனுக்குக் கடனே தேவையில்லை, நடுவில் நிற்பவனுக்கு அன்று முழு வட்டி. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி, சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடப் பழகிப்போனது.

கடன் சுலபமாகவே கிடைத்தது. 2015க்குப் பிறகு, மத்திய அரசின் கல்விக் கடன் உத்தரவாத நிதியின் கீழ் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். தாயோ தந்தையோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வங்கி, மீதி 15,000 அப்பா. பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் எப்படியோ நடந்தன.

அன்று வங்கி மேசையில் தகப்பனாரும் மகளும் பதினான்கு இடத்தில் கையெழுத்திட்டார்கள். நானும் கூட இருந்தேன். கடைசியில் யார் கட்டப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வங்கிக்காரனுக்கு அந்தக் கேள்வி அநாவசியம். இருவரில் யார் கழுத்தைப் பிடித்தாலும் முழுப் பணத்தையும் கேட்கலாம் என்றுதான் பத்திரம் சொல்கிறது. பின்னால் விசாரித்தபோது தெரிந்தது: ‘கடன் பாப்பா பெயரில், வேலைக்குப் போய்க் கட்டிக்கொள்வாள்’ என்று அவர் நினைத்திருக்கிறார். ‘அப்பா கட்டுவார், சம்பளம் வந்ததும் நானும் கை கொடுப்பேன்’ என்று அவள் நினைத்திருக்கிறாள். ஏழு ஆண்டு ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வேறு ஒப்பந்தங்களில் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஓசையில்லாமல் ஏறிய 2,20,500

இந்தக் கணக்கை நான் சற்று விரித்தே சொல்லவேண்டும். கல்விக் கடன் வாங்கும் பத்து வீட்டில் ஒன்பது வீடு இங்கேதான் சறுக்குகிறது.

படிப்புக் காலம் நாலு ஆண்டு, அதன் பிறகு ஒரு ஆண்டு. இந்த ஐந்து ஆண்டும் தவணை கிடையாது. தவணைதான் கிடையாதே தவிர வட்டி உண்டு. பெண் பிள்ளை என்பதால் கிடைத்த அரை சதவீதச் சலுகை போக இவளுக்கு 10.5 சதவீதம், தனி வட்டி. முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. கூட்டினால் 2,20,500. கடைசி நாளில் அதை அசலோடு சேர்த்து 8,20,500 ஆக்கி, அதன்மேல் பத்து ஆண்டுத் தவணை போட்டார்கள். மாதம் 11,070.

அந்த வட்டியை ஏறும்போதே கட்டியிருந்தால்? முதல் ஆண்டில் மாதம் 1,312 ரூபாய்தான் வந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் 2,625. மூன்றாம் ஆண்டில் 3,937. அதற்கு மேல் 5,250. படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன, அதை விட்டுவிடுவோம். தவணை 6 லட்சத்துக்கு மட்டும் வந்திருக்கும், மாதம் 8,096. மாதா மாதம் ஏறக்குறைய 3,000 வித்தியாசம், 120 மாதத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல். 44,000 சம்பளக்காரருக்கு 1,312 ரூபாய் பெரிய தொகையல்ல. கேட்டிருந்தால் கட்டியிருப்பார். ‘இப்போதைக்கு ஒன்றும் கட்டவேண்டாம் சார்’ என்று வங்கியில் சொன்னார்கள். அது பொய்யில்லை. கேட்பவர் காதுக்கு அது சலுகையாகவும் விழுந்தது.

2022இல் தவணை ஆரம்பித்தபோது அவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 3.6 லட்சத்தில் இருந்தாள். கையில் வருவது 26,000 சொச்சம். இதில் 11,070 போனால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இ பிரிவின் கீழ் விலக்கு உண்டு என்று சொல்லாத உறவினர் இல்லை. 3.6 லட்சத்துக்கு வரியே வராது. இல்லாத வரியில் விலக்கு எங்கிருந்து வரும்?

17 தவணையில் அவள் கட்டியது 1,88,190. அசல் குறைந்தது ஏறக்குறைய 71,000. அதற்குள் ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் தான் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியிருந்தது. அதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு புரியட்டும் என்று 10.5லேயே நிறுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தும் அவள் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். முணுமுணுக்கவில்லை.

68கே

தகப்பனார் 2022 ஜூலையில் 58 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே மகளின் தவணை ஆரம்பம். பெற்றோர் ஓய்வு பெறுவதும் பிள்ளைகளின் தவணை தொடங்குவதும் இப்படி ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்ட தலைமுறைக்கு இரண்டும் ஒரே மழையில்தான் வரும்.

2023 நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கவேண்டியிருந்தது. கைப்பேசியில் இதையெல்லாம் செய்வது மகள்தான். செய்து முடித்து, அப்படியே பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புத்தகத்தையும் திறந்து பார்த்திருக்கிறாள். 2020இல் ஒரு வரி, 2021இல் ஒரு வரி. இரண்டிலும் தலா இரண்டரை லட்சம் எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ‘பாரா 68கே’ என்று இருந்தது.

“அப்பா, இது என்ன 68கே?”

“தம்பி பீஸ்” என்றாராம் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

தம்பியும் அதே ஊரில் பொறியியல் படித்தான். மதிப்பெண் போதாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம், ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அவனுக்கும் கடன் வாங்கியிருப்பார்கள் என்றே அக்கா நினைத்திருந்தாள். வாங்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு பி.எஃப். முன்பணம், அடுத்த இரண்டு ஆண்டு ஓய்வுப் பணம். பத்து லட்சமும் ரொக்கம். அவன் பெயரில் ஒரு பைசா கடன் கிடையாது.

தகப்பனார் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அன்றைய விதிப்படி 68கே பத்தியில் ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்தவர், தன் பங்கில் பாதி வரை, பணிக்காலத்தில் மூன்று முறை எடுக்கலாம். எதற்கெல்லாம்? பிள்ளைகளின் மேற்படிப்புக்கு, கல்யாணத்துக்கும். இரண்டும் ஒரே பத்தி, ஒரே எண்ணிக்கை. 2017இல் அவர் பி.எஃப்.பைத் தொடாததற்குக் காரணம், ‘பாப்பா கல்யாணத்துக்கு இருக்கட்டும்’ என்பதுதான். மகனுக்குக் கடன் வாங்கவும் ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார். நுழைவுத் தேர்வு அல்லது தகுதி அடிப்படையில் கிடைத்த இடம்தான் அந்தத் திட்டத்தில் வரும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டை வைக்க மனமில்லை. பி.எஃப்.பை உடைத்தார்.

ஆக, நன்றாகப் படித்தவளுக்கு வங்கி கதவைத் திறந்தது, அதனால் கடனாளியானாள். சுமாராகப் படித்தவனுக்குக் கதவை மூடியது, அதனால் இலவசமாகப் படித்தான். யாரும் ஓரவஞ்சனை செய்ய உட்காரவில்லை. ஆனால் வந்து சேர்ந்த இடம் அதுதான். மகளுக்குக் கல்யாணச் செலவு, மகனுக்குப் படிப்புச் செலவு என்று நம் வீடுகளில் எழுதாமலே ஓடும் கணக்கு, இங்கே ஒரு அரசு இணையதளத்தின் இரண்டு வரியில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கே அவள் தவணையை நிறுத்தவில்லை. டிசம்பரில் ஓசூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: “பெண் பெயரில் லோன் ஏதாவது ஓடுகிறதா?”

“அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்றார் அம்மா.

உள்ளறையில் இருந்த மகளுக்குக் கேட்டது. மாதம் 11,070 கட்டுகிறவளுக்கு, அது இல்லை என்று சொல்லப்பட்டது. ஜனவரி 10ஆம் தேதி தவணை நாள். வங்கிக் கணக்கில் பணத்தை வைக்காமல் எடுத்துவிட்டாள். “இல்லாத கடனை நான் எதற்குக் கட்டவேண்டும், அங்கிள்?” என்று பிறகு என்னிடம் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் 6, சனிக்கிழமை மாலை தகப்பனார் வந்தார். மஞ்சள் பை, உள்ளே பிளாஸ்டிக் உறை, உள்ளே வங்கிக் கடிதம். ஜனவரித் தவணைக்குத் தொண்ணூறு நாள் 9ஆம் தேதியோடு முடிகிறது. அதைத் தாண்டினால் வாராக்கடன். அன்று யுகாதி, வங்கி விடுமுறை. கையில் இருப்பது திங்கள் ஒரு நாள்.

“அவளுக்குச் சொல்லிப் புரியவையுங்கள் சார். என் சிபிலும் கெடுமாமே.”

கெடும். சிபில் என்னும் கடன் பதிவில் இணைக் கடன்தாரர் பெயரிலும் அதே கறைதான் விழும். அவருடைய வருமானத்தைக் கேட்டேன். தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் 11 லட்சம், 7.4 சதவீதம், மாதக் கணக்கில் 6,783. ஊழியர் ஓய்வூதியம் நாலாயிரம் சொச்சம். இரண்டும் சேர்ந்து 10,800க்குப் பக்கம். முப்பது ஆண்டு உழைத்தவரின் மாத வருமானம், மகளின் மாதத் தவணையைவிடக் குறைவு. இவரைக் கட்டச் சொல்வது நியாயமா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டார். இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956, ‘பராமரிப்பு’ என்பதற்குள் கல்வியையும் வைத்திருக்கிறது. மணமாகாத மகளென்றால் கல்யாணச் செலவையும் சேர்க்கிறது. 68கே போல அங்கேயும் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. பின்னர் 2025 ஜனவரியில், ஒரு மணமுறிவு வழக்கில், படிப்புச் செலவைப் பெற்றோரிடம் அவர்கள் சக்திக்கு உட்பட்டுப் பெற மகளுக்குச் சட்டப்படியான உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்த்திசையில் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்கவேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் சட்டம் இருக்கிறது. ஸ்ரீராமபுரத்தில் யாரும் அந்த வாசலுக்குப் போகப்போவதில்லை.

மாணவர்களே சம்பாதித்துப் படிக்கட்டுமே என்று என் பழைய சகா ஒருவர் அடிக்கடி சொல்வார், அமெரிக்காவில் இருக்கும் பேரனைக் காட்டி. அந்த நாட்டு மாணவர்கள் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கும் மேல் கடன் சுமக்கிறார்கள் என்பதை அவர் சொல்வதில்லை. இங்கே அந்த வழியும் அடைத்திருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85 சதவீத வருகை வேண்டும். காலை ஏழு மணி பஸ்ஸில் போய் மாலை ஆறு மணிக்கு இறங்குகிற பெண் எந்தக் கடையில், எந்த நேரத்தில் வேலை பார்ப்பாள்?

என் அபிப்பிராயத்தை மறைக்கவேண்டியதில்லை. சம்பாத்தியம் இருக்கிற காலத்து வட்டி பெற்றோருடையது, அசல் படித்தவருடையது. எந்த விதி அக்காவுக்கோ அதுவே தம்பிக்கும். கல்லூரியில் இடம் எடுக்கும் முன்பே இதை வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும்; பிடிக்காவிட்டால் சிவிலே படிக்கலாம், கடன் பாதியாகும். ஏழு ஆண்டு கழித்துப் பேசினால் நீதி கேட்பது போலத்தான் ஒலிக்கும்.

ஞாயிறு காலை நாலு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகள், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டாள்: அப்பா, நான், தம்பி. யாருக்கு யார் எவ்வளவு. அரைமணி நேரம் எண்கள் மட்டுமே பேசின. பேச்சில் வராத கோபமெல்லாம் பேனாவின் அழுத்தத்தில் இருந்தது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

வழி அந்தத் தாளிலேயே கிடைத்தது. ஓய்வுப் பணத்தில் 4 லட்சத்தை மகள் பெயரில் ‘கல்யாணத்துக்கு’ என்று ஆறே முக்கால் சதவீத வைப்பில் போட்டிருந்தார் தகப்பனார். ஆறே முக்காலுக்குப் போட்டுவைத்துப் பத்தரைக்குக் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். “கல்யாணத்துக்கு என்ன செய்வது?” என்றார். “கடன் இல்லை என்று அப்போது உண்மையாகவே சொல்லலாம்” என்றாள் மகள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை வைப்பை உடைத்து 3 லட்சம் கடனில் கட்டினார்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே கட்டினால் தண்டம் கிடையாது. பாக்கி 7,69,000 சொச்சத்திலிருந்து 4,69,000 ஆயிற்று. தவணையைக் குறைக்காமல் அதே 11,070 கட்டினால் எட்டரை ஆண்டு மிச்சம் நாலரை ஆண்டாகச் சுருங்கும். அவள் குறைக்கவில்லை. தம்பி வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு மாதம் 5,000 தரவேண்டும் என்று முடிவாயிற்று. சேர்ந்துவிட்டான். 3,000 அனுப்புகிறான், சில மாதம் மறந்துபோகிறான். ஓசூர்ச் சம்பந்தம் நடக்கவில்லை; அதற்குக் காரணம் ஜாதகம் என்றார்கள்.

ஒப்புக்கொண்டதை எழுதிக் கையெழுத்திடுங்கள் என்று நான் சொன்னதற்குத் தகப்பனார் சிரித்தார். “வீட்டுக்குள் பத்திரமா சார்?” வங்கியில் பதினான்கு கையெழுத்து போட்டவர்.

அந்த ஞாயிறு, புறப்படும் நேரத்தில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “என் சீட்டுப் பணம் எந்தக் கோட்டில் வருகிறது?”

நாங்கள் நாலு பேரும் தாளைப் பார்த்தோம். கல்லூரி பஸ் கட்டணம் ஆண்டுக்கு 22,000, நாலு ஆண்டும் சீட்டு எடுத்துக் கட்டியவர் அவர். எழுத வேண்டாம், சும்மா கேட்டேன் என்று படியிறங்கப் போனார். மகள் தாளைச் சுவரில் வைத்து நாலாவதாக ஒரு கோடு போட்டாள். கடைசி ஆண்டு ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, அந்தப் பணம் கட்டவில்லை என்று அம்மாவே திருத்தினார். 66,000 என்று எழுதினாள்.